சுமங்கலி கைப் பூ

"அது பூவாடி? எவனோ வெத்தல போட்டுத் துப்புன மாதிரி இருக்குது. தொடச்சி எடு."

கட்டிலில் படுத்தபடியே மாரிமுத்து இடது கையால் கம்பை நீட்டி ருக்குமணியின் மணிக்கட்டில் ஒன்று வைத்தான். வெள்ளையடிக்கிற ரோலரைக் கழற்றிவிட்டு வைத்திருந்த ஆறடிக் கம்பு. மூன்று மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன இந்த இரண்டு வருஷத்தில் அவனுக்கு எல்லாமே அந்தக் கம்புதான். ஃபேன் ஸ்விட்சைத் தட்டுவது அதால், கோழி விரட்டுவது அதால், பெண்டாட்டியைத் திருத்துவதும் அதால்தான்.

ருக்குமணி தின்னரில் துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தாள். அபிஷேகப்பாக்கம் காலனியில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. கட்டிலுக்கு எதிர்ச்சுவர்தான் அவளுக்குச் சிலேட்டு. ஒரு வாரமாகப் போடுவதும் துடைப்பதுமாக அது மாட்டுக்கொட்டகைச் சுவரைவிடக் கேவலமாக ஆகியிருந்தது.

"தொடச்சிட்டன். இப்ப சொல்லு."

"இன்னாத்த சொல்றது? பிரஷ்ல ஒரு பக்கம் ரோசு, ஒரு பக்கம் வெள்ள. அமுக்கு, திருப்பு, தூக்கு. நூறு வாட்டி சொல்லிட்டன். மாட்டுக்குச் சொல்லியிருந்தா இந்நேரம் அது போட்டிருக்கும்."

"மாட்டையே கட்டியிருக்கலாமில்ல நீ."

"வாயி நல்லா திரும்புது. கைதான் திரும்பல."

நாற்பத்திரண்டு வயசில் பிரஷ் பிடித்தவள் ருக்குமணி. அதுவரை அவள் கை பிடித்ததெல்லாம் நாற்றுமுடியும் களைக்கொட்டும் கரும்புக் கத்தியும்தான். இப்போது முட்டி தேய்ந்துவிட்டது. சேற்றில் குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டியிருந்தது. நடவுக்குக் கூப்பிடுகிறவர்கள் அவள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் போய் நின்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே மகள் மஞ்சுளா மதகடிப்பட்டில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரிடம் கேட்டுக்கொண்டு மாசம் ஒரு தரம் வந்து எட்டிப் பார்ப்பதோடு சரி.

அந்த நேரத்தில்தான் பாகூர் தங்கவேல் மேஸ்திரி வந்தார். மாரிமுத்து நடமாடிய காலத்தில் அவனுக்கு வேலை கொடுத்தவர். நாகராஜன் என்று நெல்லும் கரும்புமாக நிலபுலன் உள்ள ஒருத்தர் ரோட்டோரம் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். டெக்கரேஷன் கட்டுகிறவர்கள் ஆணி அடித்தே சுவரைச் சல்லடையாக்கி விடுகிறார்களாம். அதனால் மேடைப் பின்சுவரில் நிரந்தரமாகப் பூ எழுதிவிடலாம் என்பது அவர் யோசனை.

"உன்ன மாதிரி பூ போட எவன் இருக்கான் மாரி? ஆளு தெரிஞ்சா சொல்லு" என்றார் மேஸ்திரி.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். மாரிமுத்துவால் சும்மா இருக்க முடியுமா? வெள்ளைக்காரத் தெரு ஓட்டல்களில் பூ போட்டு, அதை டூரிஸ்ட்டுகள் போட்டோ பிடிப்பதைப் பார்த்து மார்தட்டியவன். விழுந்ததில் அடிபட்ட அவன் வலது கையில் இன்றைக்கு டீ டம்ளர்கூட நிற்காமல் ஆடுகிறது.

"ஆளு எதுக்கு மேஸ்திரி? என் பொண்டாட்டி போடுவா. நான் கத்துத் தரன்."

அடுப்படியில் இருந்த ருக்குமணி, "நானா?" என்றாள்.

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தை கடேசிக்குள்ள முடிக்கணும்மா. ஆவுமா?"

"ஆவும் மேஸ்திரி. இது நல்லா வந்திச்சின்னா மேற்கொண்டு வேல குடுப்பீங்களா?" என்றாள் ருக்குமணி.

"மண்டபத்துல உன் பூ நின்னுச்சின்னா நான் இன்னா குடுக்கறது? கல்யாணத்துக்கு வர்றவன்லாம் பாப்பான். சுத்துப்பட்டுல புதுவூடு கட்டறவன் பூரா உன்னத்தான் தேடி வருவான்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் கம்படி வாங்கிக்கொண்டிருந்தாள்.

பத்துப் பதினைந்து நாள் எதுவும் வரவில்லை. தின்னர் கூடினால் பெயிண்ட் ஒழுகியது. குறைந்தால் பிரஷ் மயிர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இதழ் போட்டால் கரண்டி வந்தது, மொட்டு போட்டால் கத்தரிக்காய் வந்தது. மாரிமுத்து வாய்க்கு நல்ல தீனி. பக்கத்து வீட்டுக் கலியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். "பாருக்கா, ஒங்க ருக்கு போட்ட தாமரைய. தேங்கா உரிச்சிப் போட்டிருக்கறா."

அவளும் இளைத்தவள் இல்லை. மாரிமுத்துவின் முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் கையகலத்துக்குக் குழிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கம்படி விழுகிற நாளில் அவள் புரட்ட மாட்டாள். அவன் கத்துவான், வைவான், கடைசியில் கெஞ்சுவான். "ஒரு பூவு ஒழுங்கா சொல்லிக் குடு. ஒருவாட்டி புரட்டறன்" என்பாள். அந்த வீட்டில் பாடம் நடந்தது இந்தக் கணக்கில்தான். பாவம் புண்ணியம் பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

மார்கழி பிறந்த வாரம், ஒரு நாள் அலுத்துப்போய், அவன் சொன்னதை எல்லாம் விட்டுவிட்டு, நாற்று ஊன்றுகிற மாதிரியே கையை வைத்துப் பார்த்தாள். கட்டை விரலும் இரண்டு விரலுமாகப் பிடித்து, சேற்றில் அழுத்தி, லேசாகத் திருகி, விரல் தெரியாமல் உருவிக்கொண்டு வருகிற அந்தப் பிடி. முப்பது வருஷம் பழகிய கை. ஓரம் வெளுத்து நடு சிவந்து ஒரு இதழ் சுவரில் உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. நடவு ஆள் வரிசை பிடித்துப் போகிற வேகத்தில் ஏழெட்டு இதழ் போட்டுவிட்டுத்தான் நின்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"யோவ், பாருய்யா!"

மாரிமுத்து பார்த்தான். அவன் இந்த வளைவு கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் குருவுக்குப் பீடி வாங்கிக் கொடுத்தவன்.

"சுமார்தான்" என்றான். "தொடச்சி எடு."

அவள் துடைக்கவில்லை. அன்றைக்குக் கம்பும் வரவில்லை.

மண்டபத்தில் வேலை தொடங்கின அன்று நாகராஜனின் சம்சாரம் கஸ்தூரி மேடையேறி வந்தாள். ருக்குமணியின் நெற்றியை, கழுத்தை, காலை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஊட்டுக்காரர் இருக்காரில்ல?"

"இருக்காரும்மா. படுத்த படுக்கையா இருக்காரு."

"இருந்தா சரி. பொண்ணும் மாப்பிள்ளையும் ஒக்கார்ற எடம் பாரு. சுமங்கலி கையால பூ போடறோம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கறன். இவரு புக்கிங் பண்ண வர்றவங்ககிட்டலாம் அததான் பெருமையா சொல்றாரு. டெய்லி குங்குமம் வச்சிக்கினு தலையில பூவோட வரணும், தெரிதா?"

கஸ்தூரியே ஒரு முழம் மல்லி கொடுத்தாள். நடுவில் ஒரு பெரிய தாமரை, இரண்டு பக்கமும் மும்மூன்று சின்னத் தாமரை, சுற்றிலும் ரோஜாக் கொடி என்று திட்டம். நடுத்தாமரையை மட்டும் கடைசியில், தை மாசம் ரெண்டாம் வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும் என்று நாளும் குறித்துவிட்டாள்.

ருக்குமணி செய்த தப்பு, இதை வீட்டில் வந்து சொன்னதுதான். தலையில் பூவோடு வந்து நின்ற சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"சுமங்கலி கைதான் வோணும்னுச்சி அந்தம்மா. ஒன்னாலயும் எனக்கு ஒரு ஒபகாரம் இருக்குது பாரேன்."

மாரிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. இரண்டு வருஷமாக அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததில்லை.

"அப்ப நான் செத்துட்டா?"

"இன்னாய்யா பேச்சு இது?"

"இல்ல, கேக்கறன். நான் நாளைக்கே செத்துட்டா உன்ன எவன் அந்த மேடையில ஏத்துவான்? உன் பிரஷ்ஷ தூக்கிக் குப்பையில போட்டுடுவானுங்க இல்ல?"

"வாய மூடு."

"எங்கிட்ட இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்குதுடி" என்று சிரித்தான். "நான் கத்துக் குடுத்த பூவுக்கு நீ பேர் வாங்கறதா? வாங்கிடுவியா? பாக்கறன்."

மறுநாளிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. வாயில் ஊற்றினால் தலையணையில் விட்டான். மூன்றாம் நாள் அவள் அவன் மார்மேல் முட்டியை வைத்து மூக்கைப் பிடித்தாள். மூச்சுக்கு வாய் திறந்தபோது ஸ்பூனைத் திணித்தாள்.

"குடிய்யா. வெள்ளிக்கிழம வரைக்கும் குடி. அப்பால நீ எப்டியாவது போ."

அவன் ஸ்பூனை விட்டுவிட்டு அவள் கட்டை விரலைக் கடித்தான். வலது கட்டை விரல், பிரஷ் பிடிக்கிற விரல். பல் எலும்பு வரைக்கும் போயிற்று. அவள் இடது கையால் அறைந்து அறைந்துதான் விரலை உருவ வேண்டியிருந்தது. அன்றைக்கு அவனைப் புரட்டவில்லை. மறுநாளும் புரட்டவில்லை. புண் நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது.

"ஏன்டி, அந்த மனுசன் கத்தறது தெருக்கோடிக்குக் கேக்குதே. புரட்டித்தான் போடேன்" என்றாள் கலியம்மாள்.

"நீ புரட்டுக்கா. ஒனக்குக் கடிக்க வெரல் இருந்தா புரட்டு."

வீங்கின விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். காலையில் பழைய சோறு, வாய்க்கால் கரையோடு அரை மணி நடை, பனி ஈரம் காய்ந்த பிறகு சாரத்தில் ஏறினால் பொழுது சாய்கிற வரைக்கும் பூதான். மத்தியானம் கலியம்மாள் அவனுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவாள். ராத்திரியும் காலையும் ஆஸ்பத்திரி மாத்திரையை ருக்குமணியே வாயில் போட்டு, தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அதை மட்டும் அவன் அடம் பிடிக்காமல் வாங்கிக்கொண்டான். மாத்திரையாவது உள்ளே போகிறதே என்று ஆறுதலாக இருந்தாள்.

மண்டபத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு பக்கத் தாமரையும் முடிந்து, ரோஜாக் கொடி மேலேறிக் கொண்டிருந்தது. மேஸ்திரி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "மாரி கைதான்" என்றார்.

"என் கை மேஸ்திரி."

"சரிம்மா, உன் கைதான். பாகூர்ல ஒரு வூட்டுல பூச ரூமுக்குக் கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழம முடியட்டும், இட்டுக்கினு போறன்."

ஐம்பது வயசு வரைக்கும் இந்தக் கையால் கஞ்சி குடித்துவிடலாம் என்று அன்று அவளுக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு போய், "யோவ்" என்றாள். மாரிமுத்து கூரையைப் பார்த்தபடி வாய் திறந்து கிடந்தான். காலைத் தொட்டாள். அந்தக் கால் எப்போதுமே சில்லென்றுதான் இருக்கும். நெஞ்சில் கை வைத்தாள். அதுவும் காலைப் போலவே இருந்தது.

டம்ளரை இறக்கி வைத்துவிட்டு அவன் தலையை எடுத்து மடியில் வைத்தாள். அழத்தான் போனாள். தலை இருந்த இடத்தில் தலையணை உறையின் தையல் பிரிந்திருந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக என்னவோ. விரலை விட்டு எடுத்தாள். எச்சிலில் ஊறிக் காய்ந்த மாத்திரைகள். கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, அவள் நகர்ந்ததும் துப்பித் துப்பிச் சேர்த்திருக்கிறான்.

வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவன் தலையைத் தலையணையில் இறக்கினாள். இறக்கினாளா போட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

"ஜெயிச்சிட்டதா நெனச்சியா? சொன்ன மாரியே செஞ்சிட்ட இல்ல? அவ்ளோ வஞ்சமாய்யா எம்மேல?"

வாய் திறந்தே கிடந்தது. மூடிவிடத் தோன்றவில்லை. போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள். குளித்தாள். புதுச்சேலை கட்டினாள். சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்துக் குங்குமம் வைத்தாள். கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. கொஞ்சம் நகர்ந்து நின்று வைத்துக்கொண்டாள்.

கதவைப் பூட்டும்போது கலியம்மாள் கேட்டாள்: "இன்னாடி, பூட்டற?"

"ராத்திரிலாம் தூங்கலக்கா. இப்பத்தான் கண்ணசந்தாரு. நீ போயி எழுப்பாத. நான் சுருக்கா வந்துடறன்."

ஒன்பதரை மணிக்குக் கஸ்தூரி தன் கையால் மஞ்சள் பூசி, பூ வைத்து, நடுத்தாமரைக்கு ருக்குமணியை ஏற்றிவிட்டாள். "ராகுகாலத்துக்கு முன்ன மொத இதழ வச்சிடு." ருக்குமணி வைத்தாள். பின் வரிசை இதழ் முதலில், அப்புறம் நடு வரிசை, கடைசியில் முன் இதழ். அவன் சொல்லிக் கொடுத்த வரிசைதான். எந்த இதழும் ஒழுகவில்லை, எதையும் துடைக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வாழ்நாளில் போட்ட பூவிலேயே நல்ல பூ அதுதான். நடுவில் ஒருதரம் சாரத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். "வெறும் வயிறு" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுந்து போட்டாள்.

மூன்றரை மணிக்கு வீடு திரும்பினாள். கதவைத் திறந்து, ஒரு நிமிஷம் உள்ளே நின்றுவிட்டு, வாசலுக்கு ஓடி வந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, போயிட்டாரே! தண்ணி கேட்டாரே, குடுக்கறதுக்குள்ள போயிட்டாரே!"

காலனி கூடியது. குளிப்பாட்ட நான்கு பேர் உள்ளே போனார்கள். கலியம்மாள்தான் கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. வாயைக் கட்டப் பார்த்தாள், மூடவில்லை. கடைவாயிலிருந்து காது வரைக்கும் எறும்பு வரிசை போட்டிருந்தது. கலியம்மாள் எத்தனையோ பிணம் குளிப்பாட்டினவள். துணியைக் கீழே வைத்தாள்.

"ருக்கு, இங்க வா. எப்ப போச்சி உசுரு?"

"இப்பத்தாங்க்கா. நான் வந்தப்ப..."

"பொய் சொல்லாத. கட்டையா கெடக்கறான். காலையிலயே போயிருக்குது. எழுப்பாதன்னு சொல்லிட்டுப் போனியே, பொணத்தையா?"

ருக்குமணியின் நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் இருந்தது, தலையில் கஸ்தூரி வைத்த மல்லி வாடாமல் இருந்தது. வேறு சாட்சி எதற்கு?

மதகடிப்பட்டிலிருந்து வந்து சேர்ந்த மஞ்சுளா விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராக அம்மாவிடம் வந்தாள். தலையில் இருந்த பூவைக் கொத்தோடு பிடித்து இழுத்தாள். மயிரும் சேர்ந்து வந்தது.

"எங்கப்பாவ எறும்புக்குப் போட்டுட்டு நீ பூ போடப் போனியா? நீயெல்லாம் ஒரு பொம்பளயா?"

"அவரு மாத்தரைய..." என்று ருக்குமணி தொடங்கினாள். யாரும் காதில் வாங்கவில்லை. தலையணையை அதற்குள் படுக்கையோடு சேர்த்து எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தாலி இறங்கி, மகளும் பேசாமலே ஊருக்குப் போன மறுநாள் தங்கவேல் மேஸ்திரி வந்தார். உட்காரவில்லை.

"மண்டபத்துல பெரிய பேச்சா போச்சிம்மா. அறுத்தவ கையால போட்ட பூவு மேடையில நிக்கக் கூடாதுன்றாங்க. மாசி முகூர்த்தத்துக்கு மூணு புக்கிங் இருக்குது. வெள்ள அடிச்சிடச் சொல்லிட்டாங்க."

"அடிச்சிக்கட்டும்."

"போட்டவளே அழிச்சாத்தான் தோசம் போவும்னு யாரோ அந்தம்மாவுக்குச் சொல்லியிருக்காங்க. நீதான் வரணுமாம்."

ருக்குமணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பாகூர் வூட்டுப் பூச ரூமு?"

"அதெல்லாம் இனிமே எப்டிம்மா? நீயே யோசி. பூ வேல கேக்கறவன்லாம் மங்களத்துக்குத்தான் கேக்கறான். நீ வந்து இத முடிச்சிக் குடு. பட்டி பாக்கறது, வெள்ளையடிக்கறது, அந்த மாதிரி வேலக்கி உன்னக் கூப்புட்டுக்கறன். அதுக்கு எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

போனாள். வேறென்ன செய்வாள்? வாசல் வழியாக விடவில்லை. சமையல்கட்டுப் பக்கமாக வரச் சொன்னார்கள். ரோலரை வெள்ளையில் தோய்த்து ஓரத்து ரோஜாவில் ஆரம்பித்தாள். எனாமல் பூ ஒரு கோட்டுக்கு மறையவில்லை, வெள்ளைக்கு உள்ளே ரோஸாகத் தெரிந்தது. காயவிட்டு இரண்டாம் கோட் அடித்தாள். நடுத்தாமரைக்கு மூன்று தேவைப்பட்டது. ஒவ்வொரு இதழையும் எந்த நேரத்தில், எப்படிக் கையை வைத்துப் போட்டாள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. மாரிமுத்துவுக்காக வராத கண்ணீர் அங்கே, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடித்தாள். பொழுது சாய்கிறபோது சுவர் பளீரென்று ஒன்றுமே இல்லாமல் நின்றது.

அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் ஒரு நீளமான சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். மேலே ஏணியில் நின்றவன் ஒரு முனையைக் கட்டினான். சுருள் பிரிந்து இறங்கியது. சுவர் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ். நடுவில் பெரிய தாமரை, பக்கத்துக்கு மூன்று தாமரை, சுற்றிலும் ரோஜாக் கொடி. அவள் போட்ட பூதான், இதழுக்கு இதழ் அதேதான். அழிப்பதற்கு முன்னால் நாகராஜன் செல்லில் போட்டோ பிடித்து, பிரிண்டுக்குக் கொடுத்து அடித்து வாங்கியிருக்கிறார்.

"பிரிண்ட்டுல தோசம் கெடயாது. கைதான் படக்கூடாது" என்று கஸ்தூரி மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எவ்ளோ லட்சணமா இருக்குது பாருங்க!"

காற்றுக்கு ஃப்ளெக்ஸின் கீழ்முனை படபடவென்று அடித்து மடங்கியது. ருக்குமணி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பிடிக்கப் போனாள்.

"ஏய், நீ தொடாத!" என்றாள் கஸ்தூரி. "தள்ளி நில்லு."